மெலிந்த தவளைக்கு முதலில் வேண்டுவது

பட்டினி கிடப்பதில் தவளைக்கு இணையான பிராணிகள் சிலவே. தன் உடலைச் சூடாக வைத்துக்கொள்ளும் செலவு அதற்கு இல்லை. ஆகவே, அதே எடையுள்ள ஒரு சுண்டெலி இரண்டு மூன்று நாள் ஆகாரமின்றி மடிந்துவிடக்கூடிய நிலையில், வளர்ந்த தவளையொன்று வாரக்கணக்கில் ஒன்றும் உண்ணாமல், பார்ப்பவர் கண்ணுக்கு யாதொரு மாறுதலும் தோன்றாதபடி, தன் மூலையில் அமைதியாக அமர்ந்திருக்கும். இந்தச் சகிப்புத்தன்மையே அதை வளர்ப்பவரை ஏமாற்றிவிடுகிறது. இடுப்பெலும்பு தோலுக்கடியில் புடைத்துத் தெரிகிற நாளில்தான் அவர் திடுக்கிடுகிறார். திடுக்கிட்டவுடன், எப்படியாவது அதன் வயிற்றை நிரப்பிவிட வேண்டும் என்று துடிக்கிறார். இரக்கத்தில் பிறக்கும் இந்த அவசரம், தவளையின் உடற்கூற்றை அறிந்தவர்கள் அஞ்சுகிற அவசரமாகும். மெலிந்த தவளைக்கு முதலில் வேண்டுவது தண்ணீர். அடுத்தது ஏற்ற வெப்பம். அதற்கடுத்தது மெலிவின் காரணத்தைக் கண்டறிதல். உணவின் முறை இம்மூன்றுக்கும் பின்னரே வருவது. இவ்வரிசை யாரோ வகுத்த வெறும் சம்பிரதாயமன்று, தவளையின் தேகம் இயங்கும் விதத்திலிருந்தே பிறப்பது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீடுகளில் வளர்க்கப்படும் தவளைகளுள் உலகெங்கும் பெயர்பெற்றது ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளை. அக்கண்டத்தின் வடக்கிலும் கிழக்கிலும், நியூகினித் தீவின் தென்பகுதியிலும் இது இயற்கையாக வாழ்கிறது. நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்தின் தலைமை அறுவை வைத்தியராயிருந்த ஜான் ஒயிட் 1790-இல் வெளியிட்ட பயண நூலில் இது வருணிக்கப்பட்டது. ஆஸ்திரேலியத் தவளைகளுள் விஞ்ஞான முறைப்படி முதன்முதல் வருணனை பெற்றது இதுவே. மனிதரைக் கண்டு மிரளாத சுபாவம் உடையதாகையால், குவீன்ஸ்லாந்து வீடுகளின் தபால் பெட்டியிலும், மழைநீர்த் தொட்டியிலும், கழிப்பறை நீர்ப்பெட்டியிலும்கூடக் குடியேறிவிடும். சுமார் 10 சென்டிமீட்டர் நீளம் வளரக்கூடிய இது, நல்ல பராமரிப்பில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் வாழும். அத்தனை நீண்ட வாழ்நாளில் ஒருமுறையேனும் நோயோ மெலிவோ அதை அணுகாதிராது. ஆகவே இதனை வளர்ப்போர் அதன் சரீர நிலையைப் படிக்கக் கற்றிருப்பது அவசியம்.

அதைப் படிப்பதற்கு இந்தத் தவளையே ஓர் அளவுகோலைத் தன் தலையில் தாங்கியிருக்கிறது. கண்ணுக்குப் பின்புறம் தொடங்கி, வட்டமான செவிப்பறையின் மேலாகத் தோள் வரை ஒரு தோல்மடிப்பு ஓடுகிறது. உடல் சீராக இருக்கும்போது அம்மடிப்பு மெல்லிய வரம்பாகப் புலப்படும். கொழுப்பு மிகும்போது தடித்துச் செவிப்பறையை மூடித் தொங்கும். மெலியும்போது அடியோடு மறைந்து, செவிப்பறை முழுவதும் வெளித் தெரியும். முதுகின் நடுவே முள்ளெலும்பு வரிசையாகத் தெரிவதும், தொடை ஒட்டிப்போய் எலும்பின் வடிவம் காட்டுவதும், கண்கள் குழிவதும் மெலிவு முற்றியதன் அறிகுறிகள். நிறத்தை மட்டும் நம்பி எதையும் முடிவு செய்யலாகாது. பச்சை நிறம் இதற்குத் தோலின் நீலத்தின்மேல் படர்ந்த மஞ்சள் அடுக்கினால் உண்டாவது. ஒயிட்டின் காலத்தில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட தவளை, பதப்படுத்திய திரவம் அம்மஞ்சளை அழித்துவிட்டதால் நீலமாகவே காட்சியளித்தது. உயிருள்ள தவளையும் குளிருக்கும், சுற்றுப்புறத்துக்கும் ஏற்பப் பச்சையிலிருந்து பழுப்புக்கு மாறும். அது நோயின் அடையாளமாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

உணவு வராத காலத்தில் தவளையின் உடலுக்குள்ளே நிகழ்வது என்ன? முதலில் ஈரலில் சேமித்த கிளைகோஜன் என்னும் மாவுப்பொருள் கரைகிறது. பிறகு, வயிற்றறையில் இனப்பெருக்க உறுப்புகளை ஒட்டி, மஞ்சள் நிற விரல்களைப் போலக் கிளைத்திருக்கும் கொழுப்புத் திரள்கள் செலவாகின்றன. அவையும் தீர்ந்தபின் தசையே எரிபொருளாகிறது. வெளியே நாம் காணும் ஒட்டிய தொடை, உள்ளே இருந்த கையிருப்பு முழுவதும் தீர்ந்துவிட்டதன் அறிவிப்பாகும். இதனோடு மற்றொரு மாறுதலும் உண்டு. வறட்சிக் காலத்தை மண்ணுக்குள் புதைந்து மாதக்கணக்கில் உண்ணாமல் கழிக்கும் ஆஸ்திரேலியத் தவளைகளை ஆராய்ந்தவர்கள், அக்காலத்தில் அவற்றின் குடல் சுருங்கி, உட்சுவரின் மடிப்புகள் தாழ்ந்து, உணவை உறிஞ்சும் பரப்பே குறைந்துவிடுவதையும், மீண்டும் உண்ணத் தொடங்கிய பின்னரே அது பழைய நிலைக்கு வருவதையும் கண்டிருக்கிறார்கள். பயன்படாத குடலைப் பராமரிக்கும் செலவை உடல் மிச்சப்படுத்துகிறது. வெகுநாள் பட்டினி கிடந்த தவளையின் வயிற்றில் ஒரே வேளையில் பெரிய இரையைத் திணிப்பவர், அதை ஏற்க ஆயத்தமில்லாத குடலிடம் அதை ஒப்படைக்கிறார்.

சிகிச்சையின் தொடக்கம் தராசில் இருக்கிறது. கிராம் காட்டும் சிறிய மின்தராசின்மேல் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியை வைத்து, அதன் எடையைக் கழித்துப் பூஜ்யமாக்கிவிட்டுத் தவளையை உள்ளே விட்டால் எடை தெரிந்துவிடும். ஆனால் இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. தவளையின் மூத்திரப்பை வெறும் கழிவுப் பையன்று. வறண்ட வேளைக்கு வேண்டிய தண்ணீரைச் சேமித்துவைக்கும் தொட்டியும் அதுவே. கையில் எடுத்த கணத்தில் தற்காப்பாக அதைக் காலி செய்துவிடுவதும் தவளையின் வழக்கம். விரல்களுக்கிடையே தெளிந்த நீர் பீறிட்டு வழிய, ஒரு நொடிக்கு முன்பிருந்த எடையில் சில கிராம்கள் குறைந்துபோகின்றன. தசையோ கொழுப்போ அணுவளவும் குறையவில்லை. அதேபோல், இரவெல்லாம் தண்ணீர்ப் பாத்திரத்தில் அமர்ந்திருந்த தவளை மறுநாள் காலையில் கனத்துக் காட்டினால் அது தேறிவிட்டது என்று எண்ணி மகிழ்வதற்கும் இடமில்லை. எனவே, வாரந்தோறும் ஒரே வேளையில், ஒரே முறையில் நிறுத்து, எண்களைத் தேதியுடன் எழுதிவைத்து, பல வாரங்களின் போக்கையே சான்றாகக் கொள்ள வேண்டும். வயிறு உப்பி எடை கூடிய தவளை நீர்க்கோவையால் அவதிப்படக்கூடும் என்பதையும் நினைவில் வைப்பது நலம்.

இனித் தண்ணீர். தவளை வாயால் நீர் பருகுவதில்லை. அடிவயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும், மெல்லிய தோலுக்கடியில் இரத்தக் குழாய்கள் அடர்ந்த ஒரு பகுதி இருக்கிறது. ஈரத்தின்மேல் அப்பகுதியை அழுத்தி அமர்ந்து, அதன் வழியே உடலுக்கு வேண்டிய நீரை உறிஞ்சிக்கொள்கிறது. மெலிந்த தவளைகளிற் பெரும்பாலானவை நீர்வறட்சியும் உற்றிருக்கும்; இரத்தம் கெட்டிப்பட்டுச் சிறுநீரகம் சோர்ந்திருக்கும் நிலையில் புரத உணவைக் கொடுத்தால், அதன் கழிவை வெளியேற்ற வழியில்லாமற் போகும். ஆகையால் முதல் நாட்களில் செய்யத்தக்கது, தாடைக்குக் கீழே நிற்கும் அளவு ஆழமற்ற, வெதுவெதுப்பும் குளிர்ச்சியுமற்ற நீரில் அதைச் சிறிது நேரம் அமர்த்துவதே. நகரக் குழாய்நீரில் கிருமி நீக்குவதற்காகச் சேர்க்கப்படும் குளோரின் தவளையின் தோலுக்கு ஆகாது. தண்ணீரைத் திறந்த பாத்திரத்தில் ஒருநாள் வைத்திருந்தால் குளோரின் பெரும்பாலும் அகன்றுவிடும். குளோரமைன் சேர்த்த நீருக்கு இந்த உபாயம் பலிக்காது, அதை முறிக்கும் மருந்துத் துளிகள் வேண்டும். இரத்தத்தின் உப்புகள் குறைந்திருந்தால், தவளைக்கென அளந்து தயாரித்த உப்புக் கரைசலை வைத்தியர் தருவார். சமையலறை உப்பை உத்தேசமாக அள்ளிப் போடுவது கூடாது. எந்தத் தோல் தண்ணீரை உள்ளே விடுகிறதோ அதே தோல் நம் கையிலுள்ள சோப்பையும் தைலத்தையும் உள்ளே விட்டுவிடும். ஆதலால், தூள் பூசாத கையுறையை நல்ல நீரில் நனைத்து அணிந்துகொண்ட பின்னரே தவளையைத் தொட வேண்டும்.

அடுத்தது வெப்பம். தவளையின் ஜீரண சக்தி அதன் சுற்றுப்புற உஷ்ணத்தைச் சார்ந்தது. பச்சை மரத்தவளைக்குப் பகலில் சுமார் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரையிலும், இரவில் அதைவிடச் சற்றுக் குறைவாகவும் இருப்பது ஏற்றது. அதற்கு மிகக் கீழே இறங்கினால் ஜீரண ரசங்கள் மந்தமாகி, விழுங்கிய பூச்சி வயிற்றிலேயே அழுகும். உலை காயுமுன் அரிசியைக் கொட்டுவதால் எவருக்கும் சோறு கிடைப்பதில்லை. உஷ்ணத்தை வரம்பு மீறி ஏற்றினாலும் துன்பமே, ஏனெனில் சூடு ஏற ஏற உடலின் செலவும் ஏறி, இல்லாத கையிருப்பை இன்னும் விரைவாகக் கரைக்கும். பெட்டியின் ஒரு பக்கம் சற்று வெதுவெதுப்பாகவும் மறுபக்கம் குளிர்ச்சியாகவும் அமைத்துவிட்டால், தனக்கு வேண்டிய இடத்தைத் தவளையே தேர்ந்துகொள்ளும். அதன் தேர்வே நமக்கு வழிகாட்டி. உண்ண மறுத்த தவளைகளுள் சில, வேறெந்தச் சிகிச்சையுமின்றி, இந்த ஒரு சீர்திருத்தத்தினாலேயே மறுபடி இரைமேல் பாயத் தொடங்குவதுண்டு.

மூன்றாவதாகக் காரணம். மெலிந்த தவளையைக் கூட்டாளிகளிடமிருந்து பிரித்து, ஈரமாக்கிய வெள்ளைக் காகிதத் துவாலையை விரித்த எளிய பெட்டியில், ஒளிந்துகொள்ள ஒரு மறைவுடனும் ஏற ஒரு கிளையுடனும், தனியே வைக்க வேண்டும். மண்ணும் பாசியும் நிறைந்த அலங்காரப் பெட்டியில் தெரியாதன எல்லாம் வெள்ளைக் காகிதத்தில் தெரிந்துவிடும்: அது மலம் கழித்ததா, எத்தன்மையது, உரித்த தோலை முழுவதும் தின்றதா, இரையைக் கக்கியதா என்பவை. மலத்தை நுண்ணோக்கியில் பரிசோதிக்கும் வைத்தியர், குடற்புழுக்களின் முட்டைகளையும், நுரையீரலில் வாழ்ந்து இரத்தத்தை உறிஞ்சும் புழுக்களின் குஞ்சுகளையும் அதில் காணக்கூடும். சிறிதளவு புழு ஆரோக்கியமான தவளையிலும் உண்டு. மெலிவும் நெருக்கடியும் சேரும்போதே அவை பெருகிப் பகையாகின்றன. தரையில் பரப்பிய சரளைக் கல்லை இரையோடு சேர்த்து விழுங்கிக் குடல் அடைபட்டிருக்கலாம். தன்னிலும் பெரிய தவளையோடு ஒரே பெட்டியில் இருந்து, ஒவ்வொரு வேளையும் இரையைப் பறிகொடுத்திருக்கலாம். இந்தக் கடைசிக் காரணமானால் தனிமையே முழு மருந்து.

இவற்றினும் அஞ்சத்தக்கது ஒரு பூஞ்சை. பல நாடுகளில் தவளைகள் கூட்டங்கூட்டமாக மடிந்ததற்குக் காரணம் தோலைப் பற்றும் கைட்ரிட் என்ற நுண்பூஞ்சையே என்பது, ஆஸ்திரேலியாவிலும் பனாமாவிலும் இறந்த தவளைகளை ஆராய்ந்து 1998-இல் வெளியிடப்பட்டது. வெறும் மேல்தோலில் மட்டும் வளரும் ஒரு பூஞ்சை உயிரைக் குடிப்பது எப்படி என்ற கேள்விக்கு 2009-இல் விடை கண்டபோது, அச்சோதனைக்குப் பயன்பட்டது இதே பச்சை மரத்தவளைதான். நோயுற்ற தோல் உப்புகளைக் கடத்தும் ஆற்றலை இழந்துவிடுகிறது; இரத்தத்தில் சோடியம் சுமார் ஐந்திலொரு பங்கும், பொட்டாசியம் ஏறக்குறையப் பாதியும் குறைந்துபோக, இருதயம் நின்றுவிடுகிறது. தவளைக்குத் தோல் எத்தகைய பிரதான உறுப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. உணவில் விருப்பமின்மை, தோல் அடிக்கடி உரிதல், கால்களை அகட்டிச் சோர்ந்து கிடத்தல் ஆகியவை சேர்ந்து தோன்றினால், தாமதியாமல் தோலைப் பஞ்சுக்குச்சியால் ஒற்றியெடுத்துப் பரிசோதிக்கச் செய்ய வேண்டும். உரிய காலத்தில் பூஞ்சைக்கொல்லி மருந்துக் குளியல் கொடுத்துப் பிழைக்கவைத்த தவளைகள் உண்டு.

இவையனைத்தும் சீராயிருந்தும் தவளை உண்ணவில்லையானால், அது உண்ண விரும்பவில்லையா, விரும்பியும் முடியவில்லையா என்று வேறுபடுத்திப் பார்ப்பது வளர்ப்பவரின் தலையாய கடமை. தவளையின் பார்வை அசைவைச் சார்ந்தது. மாஸாச்சுஸெட்ஸ் தொழில்நுட்பக் கல்விக்கூடத்தைச் சேர்ந்த லெட்வின், மட்டுரானா, மக்கல்லக், பிட்ஸ் ஆகிய நால்வரும் 1959-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தவளையின் பார்வை நரம்பிலுள்ள ஒருவகை இழைகள், சிறிய கரிய பொருள் ஒன்று கண்முன் நகரும்போது மட்டுமே விழித்தெழுவதைக் காட்டினார்கள். சுற்றிலும் இறந்த பூச்சிகள் குவிந்து கிடந்தாலும், அவை அசையாதவரை, அவற்றின் நடுவே அது பசியால் மடியக்கூடும். ஆகவே, இறந்த இரையைத் தட்டில் வைத்துவிட்டு அது மறுக்கிறது என்று முடிவுகட்டுவது தவறு. மென்மையான இடுக்கியின் நுனியில் பற்றி, கண்ணெதிரே மெல்ல அசைத்துக் காட்ட வேண்டும்.

இரையை அசைத்துக் காட்டும்போது மங்கிய விளக்கொளியில் அருகிருந்து உற்றுப் பார்ப்பவருக்கு மெலிவின் மர்மமே சில சமயம் வெளிப்பட்டுவிடும். நலமுள்ள தவளை தலையைத் திருப்புகிறது. முன்னங்காலின் விரல்கள் ஒருமுறை நடுங்குகின்றன. உடலை முன்னே தள்ளி வாயைத் திறக்கும்போது, தாடையின் முன்விளிம்பில் ஒட்டியிருக்கும் நாக்கு வெளியே புரண்டு விழுந்து, பூச்சியைச் சுற்றிப் படிந்து, உள்ளே இழுத்துவிடுகிறது. உடனே இரு கண்களும் மூடித் தலைக்குள் அமிழ்கின்றன. கண்விழிகள் உள்ளிறங்கி இரையைத் தொண்டைக்குத் தள்ள உதவுகின்றன. கண் அமிழ்ந்தெழுந்தால் விழுங்கியாயிற்று என்று கொள்ளலாம். நோயுள்ள சில தவளைகளோ இரையைப் பார்க்கின்றன, திரும்புகின்றன, பாய்கின்றன, நாக்கும் பூச்சியைத் தொடுகிறது. ஆனால் பூச்சி ஒட்டாமல் நழுவிப்போகிறது. மீண்டும் மீண்டும் இப்படித் தவறியபின் அவை சலித்து முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. இதனைப் பசியின்மை என்று எண்ணிவிடலாகாது.

இதன் காரணம் நாக்கின் சுரப்பிகளில் இருக்கிறது. தவளையின் நாக்கு மிக மிருதுவானது. அதன்மேல் சுரக்கும் எச்சில், இரைமேல் மோதும் வேகத்தில் நெகிழ்ந்து பூச்சியின் சந்துபொந்துகளிற் புகுந்து, திரும்பி வரும்போது கெட்டிப்பட்டுப் பற்றிக்கொள்ளும் விசேஷ குணமுடையது. இந்தச் சளியைச் சுரக்கும் திசு ஆரோக்கியமாயிருக்க வைட்டமின் ஏ இன்றியமையாதது. அது குறைந்தால், சுரக்கும் திசு மாறிக் காய்ந்த தோலின் தன்மையை அடைந்துவிடுகிறது. நாக்கு பசையை இழக்கிறது. வளர்ப்புத் தவளைகளுக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் சுவர்க்கோழிப் பூச்சியில் வைட்டமின் ஏ மிகச் சொற்பம். நாள்தோறும் வயிறு நிறையப் பூச்சி கிடைத்தும் இக்குறை உண்டாகலாம். உண்டானபின் அப்பூச்சியைப் பிடிக்கவும் இயலாமற்போகிறது. இதை ஈடுசெய்ய வைத்தியர் அளந்து தரும் மருந்தே தக்கது, ஏனெனில் வைட்டமின் ஏ கொழுப்பில் கரைந்து உடலில் தங்குவது. அளவு மீறினால் அதுவே நஞ்சாகும்.

இப்போதுதான் உணவின் முறை வருகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பட்டினி கிடந்து மீட்கப்பட்ட கைதிகளுள் பலர், உணவு கிடைத்த பிறகே இறந்தது வைத்திய உலகை உலுக்கிய நிகழ்ச்சி. வெகுநாள் பட்டினிக்குப்பின் ஆகாரம் பெருமளவில் புகுந்தால், இன்சுலின் சுரந்து, இரத்தத்தில் எஞ்சியுள்ள பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் உயிரணுக்களுக்குள் விரைவாக இழுத்துக்கொள்ள, இருதயமும் தசைகளும் செயலிழக்கின்றன. தவளைகளைக் கவனிக்கும் வைத்தியர்களும் இதே எச்சரிக்கையைக் கைக்கொள்கிறார்கள். எனவே, முதல் வேளைகளில் தவளையின் இரு கண்களுக்கிடையே உள்ள அகலத்தைவிடச் சிறிய, மென்மையான இரை ஒன்றோ இரண்டோ போதும். அது செரித்து மலமாக வெளிப்பட்டதைக் கண்டபின் அடுத்த வேளை. பிறகு படிப்படியாக அளவைக் கூட்டுதல். இரவில் விழித்திருக்கும் பிராணியாதலால் அந்திப்பொழுதே உணவுக்கு உகந்தது. தின்னாமல் மிஞ்சிய சுவர்க்கோழியை இரவில் பெட்டிக்குள் விட்டுவைக்கக் கூடாது. சோர்ந்த தவளையின் தோலை அது கடித்துப் புண்ணாக்கும்.

இரையின் தரமும் அளவுக்குச் சமமான முக்கியத்துவம் உடையது. எலும்புள்ள பிராணிக்குப் பாஸ்பரஸைவிடக் கால்சியம் சற்று மிகுதியாக வேண்டும். சுவர்க்கோழியிலோ பாஸ்பரஸ் பல மடங்கு மிகுந்து, கால்சியம் அருகியிருக்கிறது. இக்குறை நீடித்தால் தாடை குழைந்து, கால்கள் வளைந்து, தசைகள் துடிக்கும். ஆகையால், கொடுப்பதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பே பூச்சிகளுக்குக் கீரையும் காய்கறியும் கால்சியம் மிகுந்த தீனியும் கொடுத்து, கொடுக்கும் வேளையில் கால்சியமும் வைட்டமின் டி3-யும் கலந்த தூளைத் தூவ வேண்டும். பூச்சிமருந்து படாத மண்ணில் வளர்ந்த மண்புழு சிறந்த போஷாக்கு. விரைவில் எடை ஏறட்டும் என்று கொழுப்பு மிகுந்த மெழுகுப் புழுக்களையே நாள்தோறும் கொடுப்பது, தசை வளராமல் கொழுப்பை மட்டும் வளர்க்கும். தானாக உண்ண இயலாத தவளைக்கு, மாமிச உணவுப் பிராணிகளுக்கென்று தயாரிக்கப்படும் பொடியை நீரில் குழைத்து, மெல்லிய குழாய்மூலம் வயிற்றிற் செலுத்தும் முறை இருக்கிறது. வாயைத் திறக்க வளையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைப் பயன்படுத்துவர். கால்சியம் குறைந்த தாடை சிறிய அழுத்தத்திலும் முறியுமாதலால், முதல் முறையேனும் வைத்தியர் செய்யக் கண்டு பழகாமல் இதில் கைவைக்கலாகாது.

எடை ஏறத் தொடங்கியபின் எங்கே நிறுத்துவது என்பதும் அறிந்திருக்க வேண்டிய கலை. பச்சை மரத்தவளை கொடுத்ததையெல்லாம் உண்ணும் சுபாவமுடையது. தேற்றுகிறோம் என்று தொடர்ந்து ஊட்டியே அதைக் கொழுப்பு நோயில் தள்ளியவர் பலர். செவிப்பறைமேல் மெல்லிய வரம்பு மீண்டும் தோன்றி, தொடை உருண்டு, வாரக் கணக்கில் எடை நிலைத்து நின்றால், இரண்டு மூன்று நாளுக்கொருமுறை உணவு என்ற வழக்கத்துக்குத் திரும்பிவிடலாம். நிறுக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது.

இத்தனை பொறுமையை ஒரு தவளைக்காகச் செலவிட வேண்டுமா என்று கேட்போருக்கு, அமெரிக்காவின் வயோமிங் தேரையின் வரலாறே விடையாகும். லாரமி சமவெளியில் மட்டுமே வாழ்ந்த அத்தேரை, அழிந்தே போயிற்று என்று கருதப்பட்டு, 1987-இல் மார்ட்டென்சன் ஏரியில் மறுபடி காணப்பட்டது. எஞ்சியவற்றைப் பிடித்துக் கூடங்களில் வளர்த்து இனம்பெருக்க முனைந்தபோது, அவற்றுள் பல இரைமேல் பாய்ந்தும் பிடிக்க முடியாமல் மெலிந்தன. அவற்றின் நாக்கை ஆராய்ந்ததிலிருந்தே வைட்டமின் ஏ குறைவைப் பற்றிய ஐயம் 2002-இல் வைத்தியருலகில் எழுந்தது. இன்று உலகின் நீர்நில வாழ்வினங்களில் ஐந்தில் இரண்டு அழிவின் அபாயத்தில் இருக்கின்றன. அவற்றுள் சிலவற்றுக்கு மனிதர் வளர்க்கும் கண்ணாடிப் பெட்டியே கடைசிப் புகலிடம். அங்கே அவற்றை உயிரோடு வைத்திருக்கும் அறிவு, நீரின் தன்மையையும் பெட்டியின் உஷ்ணத்தையும் நாக்கின் பசையையும் எடையின் போக்கையும் நாள்தோறும் கவனித்து எழுதிவைத்த வைத்தியர்களாலும் வளர்ப்போராலும் சிறிது சிறிதாகச் சேர்ந்தது. தம் வீட்டுத் தவளை மெலிந்திருக்கக் கண்டு, உணவுத் தட்டை ஒருபுறம் வைத்துவிட்டு முதலில் நல்ல தண்ணீரைத் தேடிச் செல்பவர், அந்த அறிவைக் கற்றவராகிறார். தாம் கண்டதைத் தேதியிட்டு எழுதிவைப்பாரானால் அதை வளர்ப்பவருமாகிறார்.